இரண்டாவது பொத்தான்

மார்ச் 2, திங்கள், இரவு

அன்புள்ள சித்திக்கு,

அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். தாள், கணக்கு நோட்டில் கிழித்தது. போன வருடம் என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய பார்சலை அம்மா பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குள் மேலே இருந்த உங்கள் முகவரியை உள்ளங்கையில் எழுதி, பிறகு நோட்டில் குறித்துவைத்தேன். அதுதான் இப்போது உதவுகிறது.

போனில் பேச வழியில்லை. விசாரணை என்று சொல்லி அம்மாவின் போன், மடிக்கணினி, நான் படிக்கிற டேப் எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவின் கப்பல் ஏப்ரலில்தான் கரைக்கு வரும்.

செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அம்மாவின் கண்ணாடித் தொழிற்சாலையில் மூன்றாம் உலை உடைந்து, காய்ச்சிய கண்ணாடிக் குழம்பு வெளியே கொட்டிவிட்டது. அந்த உலையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் தீக்காயம். அவர் என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் நெட்டையின் அப்பா. (வகுப்பிலேயே உயரம் என்பதால் அவள் நெட்டை. என்னை அவள் முக்கால் என்பாள்.) தகவல்தொடர்புப் பிரிவுக்கு அம்மாதானே தலைவர், இரண்டு நாள் அவள் வீட்டுக்கே வரவில்லை. வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தாள். ஆறு நாற்பதுக்கு, நெட்டையின் அப்பா இறந்துவிட்டார் என்று கம்பெனியின் இரங்கல் அறிக்கை வெளியானது. எல்லாத் தொழிலாளர்களின் போனுக்கும், பத்திரிகைகளுக்கும், தொழிற்சாலை வாசலில் இருக்கும் பெரிய திரைக்கும் போனது. அனுமதி கொடுத்தது அம்மாவின் போன்.

அவர் இறக்கவில்லை சித்தி. ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். திருத்தம் வர நாற்பது நிமிடம் ஆனது.

தூக்கத்தில் தானே அமுக்கிவிட்டதாக அம்மா நம்புகிறாள். "என் போன், என் கை. வேற யாரு?" என்கிறாள். இப்போதெல்லாம் படுக்கும்முன் வலது மணிக்கட்டைப் பழைய சால்வையால் கட்டில் காலோடு கட்டிக்கொள்கிறாள். அடுப்பைப் பற்றவைப்பதில்லை. நேற்று என்னிடம் சொன்னாள்: "தூக்கத்துல நான் வேற என்னென்ன பண்றேன்னு எனக்கே தெரியல. நீ உன் ரூம் கதவ உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கு."

இருபதாம் தேதி விசாரணை. 'எனது தனிப்பட்ட கவனக்குறைவால்' என்று தொடங்கும் ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போடவேண்டுமாம். போட்டால் வேலை போய்விடும். வேலை போனால் போகட்டும். ஆனால் தன் புத்தி பிசகிவிட்டது என்று காலம் முழுக்க நம்பிக்கொண்டிருப்பாளே, அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மா அதை அமுக்கவில்லை. எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். அறிக்கையைத் தானே தயாரித்து அம்மாவின் போனில் அனுமதி கேட்கும் அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது நீங்கள்தான். நீங்கள் வந்து, இயந்திரத்தில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பதிலை எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தையல் கடைக்கு அனுப்புங்கள். கடைக்கார அக்கா, "என்னடி, காதல் கடிதமா?" என்றார். "சித்தி கடிதம்" என்றேன். "அதுக்கா இந்த முழி முழிக்கிற?" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


மார்ச் 5

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கவலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். இந்தக் கடினமான நேரத்தில் என் நினைவெல்லாம் உன்னோடும் அக்காவோடும் இருக்கிறது.

சிலவற்றைத் தெளிவுபடுத்துவது அவசியம். அறிக்கையை ஒன்பது நிமிடத்தில் வெளியிடுவதால் 'ஒன்பது நிமிடம்' என்று பெயர் வைத்த அந்த ஏற்பாடு இன்று பதினொரு நிறுவனங்களில் சிறப்பாக இயங்குகிறது. தீ, கசிவு, வேலைநிறுத்தம், மரணம் என்று ஒவ்வொன்றுக்கும் அறிக்கை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து 'கவலைக்கிடம்' என்று தகவல் வந்ததும் பெயர், வயது, பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றை இயந்திரமே நிரப்பி, பிரிவுத் தலைவரின் போனுக்கு அனுப்பி அனுமதி கேட்கும். இது இயல்பான நடைமுறை. ஒரு மனிதர் 'ஆம்' என்று அமுக்காமல் எதுவும் வெளியே போவதில்லை. பதிவுகளைப் பார்த்தேன். கோளாறு எதுவும் இல்லை. இல்லாத கோளாறை இருப்பதாக நான் சொல்வதற்கில்லை.

உன் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், நிர்வாகிகள் எல்லார் முன்னாலும், "ஆள் சாகறதுக்கு முன்னாடியே அழுகைய எழுதி வைக்கிறவ என் தங்கச்சி" என்று சொன்னவள் அவள். நிர்வாகம் என் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. அவள் அதோடு வேலை செய்ய ஒப்புக்கொண்டாள். நான் அந்த வேலையிலிருந்து விலகி, வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் அதை நடத்தித் தருகிறேன். இன்று நான் வந்து நின்றால் அவளே விரும்பமாட்டாள்.

பதினெட்டாம் தேதி எனக்கு முக்கியமான மாநாடு ஒன்று இருக்கிறது. 'வருங்காலத் தகவல்தொடர்புத் தலைவர்களுக்குத் தேவையான ஏழு திறன்கள்' என்று பேசுகிறேன். அதன்பிறகு நிதானமாக யோசிக்கலாம். அதுவரை நீ அமைதியாக இரு, பாடத்தில் கவனம் செலுத்து, எதையும் தாளில் எழுதாதே. அக்காவை ஒரு மருத்துவரிடம் போகச் சொல்.

உன் நலம் நாடும்,
சித்தி


மார்ச் 8, ஞாயிறு, இரவு

சித்தி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு அம்மாவின் அலமாரியில் இருக்கும் அறிக்கைக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். நாலாவது தாள்: 'இந்தக் கடினமான நேரத்தில் எங்கள் நினைவெல்லாம் குடும்பத்தாரோடு இருக்கிறது.' 'எங்கள்' என்பதை 'என்' என்று மாற்றிவிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எத்தனை நிமிடத்தில் தயாரானது? ஒன்பதுக்கு மேல் ஆகியிருக்காது.

எதையும் தாளில் எழுதாதே என்கிறீர்கள். எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அமுக்கியது நான்.

எங்கள் வீட்டில் அது வழக்கம் சித்தி. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டு இருப்பாள், போன் அதிரும். "கண்ணு, கை ஈரமா இருக்கு, ஆம்னு அமுக்கிடு" என்பாள். மின்தடை அறிவிப்பு, விடுமுறை வாழ்த்து, புதிய கிடங்கு திறப்பு எல்லாம் நான் அமுக்கிப் போனவைதான். போனின் நாலு எண்ணும் எனக்குத் தெரியும். அம்மா முதலில் ஒரு தடவை படித்துப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அன்றைக்குப் போன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதிர்ந்தது. அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இரண்டு நாளில் முகம் பாதியாகியிருந்தது. நான் போனைத் திறந்தேன். நெட்டையின் அப்பா பெயர், வயது, இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு, ஈடுசெய்ய முடியாத இழப்பு. கீழே 'ஆம்', 'பிறகு'. படிக்காமல் அமுக்கவில்லை. முழுதும் படித்தேன். அவர் இறந்தேவிட்டார் என்று நினைத்தேன். இறந்தவர் இறந்தவர்தானே, அம்மா எழுந்து இதைத் தன் கையால் அமுக்கவேண்டாம், இன்னும் அரைமணி தூங்கட்டும் என்று நினைத்தேன். அமுக்கிவிட்டுப் போனை அவள் கைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அதனால்தான் தன் கை என்று அவள் நம்புகிறாள்.

நெட்டை வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்தாள். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில், இவளும் தம்பியும் வீட்டில். "பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் வந்து நாற்காலி போட்டுட்டாங்கடி. ஒரு மாமா, அப்பா ஃபோட்டோ இருக்கான்னு கேட்டாரு. அப்பா சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அத வேணாம்னு வச்சுட்டு, நல்லதா பாத்து எடுத்துக் குடுத்தேன்."

அவள் அப்பாவுக்கு இப்போது கொஞ்சம் பேச்சு வருகிறதாம். அந்த அறிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாராம். கேட்டுவிட்டு, "இருபத்திரெண்டு வருஷமா இப்படி ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. முன்னாடியே செத்திருக்கலாம் போல" என்றாராம். நெட்டை அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரிக்கவேண்டியதாயிற்று. பிறகு அவள், "உங்கம்மா வேணும்னு பண்ணல. எனக்குத் தெரியும், நீ ஏன்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றாள்.

நான் என்ன செய்யட்டும்? தயாராக இருக்கிற எதையும் அனுப்பாதீர்கள்.


மார்ச் 11

வாண்டு,

கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கையால் எழுதி ரொம்ப நாளாகிறது.

முதல் கடிதத்துக்கு மன்னித்துவிடு. அதை எழுத ஆறு நிமிடம்தான் ஆனது.

நீ சொன்னதற்கு நானும் ஒன்று சொல்லவேண்டும். அது யாருக்கும் தெரியாது. முதலில் அந்த ஏற்பாட்டில் மரண அறிக்கைக்கு மட்டும் இரண்டு பொத்தான்கள் இருந்தன. முதல் பொத்தான், எழுதியிருப்பது சரியா என்று மட்டும் கேட்கும். இரண்டாவதுதான் வெளியிடும் பொத்தான். அதை அமுக்கும்முன், குடும்பத்தில் யாரிடம் பேசினீர்கள் என்று ஒரு பெயரை எழுதவேண்டும். பெயர் எழுதாமல் அது திறக்காது. அக்காதான் அதை வைக்கச் சொன்னாள். சோதித்துப் பார்த்தபோது மொத்தம் இருபத்தாறு நிமிடம் ஆனது. ஒன்பது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அந்த நேரம் முழுக்க இரண்டாவது பொத்தானில்தான் போனது. போன் எடுக்கமாட்டார்கள், எடுத்தால் அழுவார்கள், அழுகை முடியக் காத்திருக்கவேண்டும். அதனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். அதை யாரும் படித்திருக்கமாட்டார்கள். அக்காவும் படித்திருக்கமாட்டாள். மரண அறிக்கையில் 'ஆம்' என்றால் எழுத்து சரி என்று மட்டுமே அர்த்தம் என்றுதான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

அவர் உயிரோடு இருக்கும்போதே உன் முன்னால் அந்தக் கேள்வி வந்ததற்கும், நீ அமுக்கியவுடன் அது ஊருக்கே போனதற்கும் நான்தான் காரணம்.

ஆனால் நீ யாரிடமும் சொல்லாதே. அம்மாவிடமும் சொல்லாதே. கம்பெனியின் போனைக் குழந்தை கையில் கொடுத்துப் பழக்கினாள் என்று தெரிந்தால் தூக்கத்தில் அமுக்கியதைவிட அது பெரிய குற்றமாகிவிடும். அவள் எங்கேயும் தலை காட்ட முடியாது. உன் பெயர் செய்தியில் வரும். பதினெட்டு முடியட்டும். நான் ஏதாவது செய்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

சித்தி


மார்ச் 14, சனி, இரவு

சித்தி,

கிழிக்கவில்லை.

டாக்டரிடம் போனோம். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். அம்மா சாப்பிட மறுக்கிறாள். "தூங்கினாதானே கை போகும்" என்கிறாள். நேற்று அவள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, பிரஷை இடது கையால் பிடித்திருந்ததைப் பார்த்தேன். சோறும் இடது கையால். வலது கையை மடியில் வைத்து, யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கம்பெனியிலிருந்து மனிதவள அதிகாரி வந்தார். அம்மா அவரிடம், "தூக்கத்துல நடந்திருக்கு, எனக்கு ஞாபகமே இல்ல" என்று தானே சொன்னாள். அவர் முகத்தில் எத்தனை நிம்மதி தெரியுமா! "நீங்க இவ்வளவு நேர்மையா இருக்கறது எங்களுக்குப் பெரிய உதவி மேடம்" என்றார். போகும்போது என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஏதாவது செய்கிறேன் என்றீர்கள். என்ன, எப்போது என்று சொல்லவில்லை. பதினெட்டாம் தேதி மேடையில் சொல்லுங்கள். இரண்டாவது பொத்தானை எடுத்தது நான் என்று நீங்கள் சொன்னால், அம்மா தன் கையைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டு உங்களைத் திட்ட ஆரம்பிப்பாள். அவள் யாரையாவது திட்டி நான் கேட்கவேண்டும் சித்தி.

உங்கள் மாநாட்டுத் துண்டுப் பிரசுரம் அம்மாவுக்கும் வந்திருந்தது. ஏழு திறன்களும் அதில் இருக்கின்றன. முதலாவது வேகம். ஏழாவது நம்பகத்தன்மை. கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நேரம் போதாமல் போனால் விட்டுவிடலாம் என்றா?

அக்கா மகள்


மார்ச் 17, செவ்வாய், இரவு

சித்தி,

நெட்டையின் அப்பா இன்று காலை இறந்துவிட்டார். இந்தத் தடவை நிஜமாக.

மூன்றாவது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கணக்கு டீச்சரிடம் போனைக் காட்டினார். அதே அறிக்கை சித்தி. அதே வரிகள், ஈடுசெய்ய முடியாத இழப்பு வரை. டீச்சர் அழுதுகொண்டே நெட்டையிடம் வந்து, "பையை எடுத்துக்கோம்மா, வீட்டுக்குப் போகணும்" என்றார். நெட்டை கடிகாரத்தைப் பார்த்தாள். "நாப்பது நிமிஷத்துல திருத்தம் வரும் டீச்சர். போன தடவையும் இதேதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கணக்கைப் போட ஆரம்பித்தாள்.

டீச்சர் என்னென்னவோ சொன்னார். தலைமையாசிரியர் வந்தார். அவள் நிமிரவே இல்லை. "நீங்களும் போன்ல பாத்துதானே சொல்றீங்க?" என்றாள். கீழே அவளுடைய மாமா வந்து நின்றார். அவள் பென்சிலை விடவில்லை.

அவளை யாராலும் நம்பவைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அந்த அறிக்கை எப்படிப் பொய்யானது என்று தெரிந்தவளால்தான் முடியும். அந்த அறையில் அது நான் ஒருத்திதான். நான் அவள் காதருகே சொன்னேன். "இது நிஜம்டி. போன தடவை பொய். ஏன்னா போன தடவை அமுக்கினது நான்."

பென்சில் நின்றது. "நீயா?"

"அம்மா தூங்கிட்டிருந்தா. நான் அமுக்கினேன். உங்கப்பா போயிட்டாருன்னு நெனச்சேன். இந்தத் தடவ நான் இல்ல. அம்மாகிட்ட போனே இல்ல. இது நிஜமாதான் வந்திருக்கு."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் சொல்வது உண்மை என்பது அவளுக்குத் தெரிந்த அந்தக் கணம், அவள் அப்பா இறந்துபோனதும் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் அவள் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். அவள் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வீட்டில் சொல்லியிருப்பாள். ஊர் வாயிலிருந்து அம்மா கேட்கக்கூடாது என்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் அமுக்கலையா?" என்றாள்.

"இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "பத்தொம்பது நாளா என் கையப் பாத்து நானே பயந்துட்டு இருந்தேனேடி!" சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று எழுந்து என் கன்னத்தில் அறைந்தாள். வலது கையால். பிறகு அதே கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதே உங்கள் கடிதத்தையும் காட்டினேன். இரண்டாவது பொத்தான் என்ற இடத்தில் நின்று, திரும்பப் படித்தாள். திட்டக்கூட இல்லை.

இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன். இல்லை. "நான்தான் அமுக்கினேன்னு கையெழுத்துப் போடுவேன். உன் பேர் எந்தத் தாள்லயும் வரக்கூடாது" என்கிறாள். அது பொய் என்றேன். "தெரியும். இத்தன வருஷத்துல என் கையெழுத்துக்கு மேல பொய் வந்ததில்ல. சுத்தி வளைச்சிருக்கேன், பொய் வந்ததில்ல. இது வரட்டும்."

என்னால்தான் அவள் இப்படி ஆகிறாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வாருங்கள் சித்தி. கோளாறு என்று பொய் சொல்லவேண்டாம். நீங்கள் எனக்கு எழுதியதை மட்டும் சொல்லுங்கள்.


மார்ச் 18

வாண்டு,

நான் சொல்லவில்லை.

உன் பதினான்காம் தேதிக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் மேடையேறினேன். முந்நூறு பேர். முதல் வரிசையில் உன் அம்மாவின் கம்பெனி நிர்வாக இயக்குநர். வேகம் பற்றிச் சொன்னேன். தரவை வாசிப்பது, இயந்திரத்தோடு இணைந்து வேலை செய்வது, எல்லா ஊடகத்திலும் ஒரே குரல். நன்றாகத்தான் போனது. என் வாய்க்கு அது பழக்கம். ஏழாவதுக்கு வந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது. கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். யார் என்று தெரியவில்லை. "ஒன்பது நிமிஷத்துல இறந்தவர் வீட்டுக்கு யார் போன் பண்ணுவாங்க?" என்றார். "அது மனிதவளப் பிரிவின் வேலை" என்று நான் சொன்னேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். முடிந்ததும் கழிப்பறைக்குப் போய் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

என்னை நம்பாதே என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். உனக்கு இது தெரியவேண்டும். இருபதாம் தேதி வரலாம் என்று நினைக்கிறேன். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடவும் கூடும். என்னை எனக்குத் தெரியும்.

சித்தி


மார்ச் 20, வெள்ளி, இரவு

அன்புள்ள சித்திக்கு,

இன்று கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எதிரில்தான் இருக்கிறாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

உள்ளே நடந்ததை அவள் சொன்னாள். வரவேற்பில் உங்களை உட்காரச் சொன்னார்களாம், நீங்கள் உட்காராமல் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டீர்களாம். "கையில பேப்பர் இல்ல. திக்கினா. ஒரே விஷயத்த மூணு தடவ சொன்னா. அவ திக்கி நான் பாத்ததே இல்ல" என்றாள். கம்பெனி வக்கீல், "இதெல்லாம் எழுத்துப்பூர்வமா இருக்கா?" என்று கேட்டாராம். விளக்கக் குறிப்பின் பக்க எண்ணை நீங்கள் சொன்னீர்களாம். பிறகு அம்மா கையெழுத்துப் போடாமலே அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அமுக்கினது என் வீட்ல. அப்படிப் பழக்கிவிட்டது நான். பேர் எழுத மாட்டேன். பொய்யும் எழுத மாட்டேன்" என்றாளாம்.

வேலை போய்விட்டது. உங்கள் ஒப்பந்தமும் போய்விட்டதாமே. பொத்தான் இன்னும் ஒன்றுதான். அதை மாற்றப்போவதாக யாரும் சொல்லவில்லை.

நடைக்கூடத்தில் உங்களிடம், "நீ வந்ததால எதுவும் சரியாகிடல" என்று சொன்னாளாம். நீங்கள் தலையை ஆட்டினீர்களாம். மன்னித்துவிட்டாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவளிடமும் இப்போது கேட்காதீர்கள்.

சாயங்காலம் நெட்டை வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி. வாசலில் நிறையச் செருப்புகள். அம்மா படியேறும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. நெட்டையின் அம்மா கதவைத் திறந்தார். முதல் வரி என்ன என்று தெரியாமல் அம்மா நின்று நான் பார்த்ததில்லை.

"பேப்பர் எதுவும் கொண்டு வரலையா?" என்று அவர் கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்தே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். போகச் சொன்னாரா இருக்கச் சொன்னாரா என்று தெரியவில்லை. நின்றோம். வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நெட்டை வந்தாள். தலை வாராமல் இருந்தாள்.

"ரெண்டாவது தடவ அமுக்கினது யாரு?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"என் இடத்துக்கு வந்தவங்க."

"அவங்களுக்கு எங்கப்பாவத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்ல? எங்க வீட்ல சாப்பிட்டிருக்க. அவர் உன்ன சைக்கிள்ல வச்சு ஓட்டியிருக்காரு."

"தெரியும்."

"தெரிஞ்சும் அமுக்கின."

"ஆமா."

"அழுதியா?"

"அழுதேன். அழுதுட்டுதான் அமுக்கினேன்."

அவள் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே தம்பி கூப்பிட்டான். கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. தாழ்ப்பாள் போட்ட சத்தமும் கேட்கவில்லை.

நாங்கள் படியில் உட்கார்ந்திருந்தோம். கீழே இறங்கும்போது அம்மா சொன்னாள்: "உங்க சித்தி ஏழு சொல்றா, நான் இருபது வருஷம் பண்ணேன். இந்தக் கதவு முன்னாடி நிக்கறதுக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல."

நாளைக்கு மறுபடி போகிறோம். என்ன சொல்வது என்று அம்மா என்னைக் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. நாலரை மணிக்குக் கிளம்புவோம். இதை எழுதுகிறேன் என்று சொன்னதும் அம்மா எழுந்துபோய், அந்த வீட்டு முகவரியைத் தன் கையாலேயே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். கூடவே இணைத்திருக்கிறேன். நாளைக்கு முடியாவிட்டால் அதற்கடுத்த நாள். நாங்கள் தினமும் போவோம்.

நீங்களும் வாருங்கள் சித்தி. மூன்று பேராக நிற்கலாம்.